ஆறு வாரத்து எடை

கெளுத்தி மீன் ஆலையில் பதினேழு வருஷம் கத்தி பிடித்தவள் வெர்லீன் ப்ரூயிட். ஆனால் அவள் வீட்டு அடுப்பில் கெளுத்தி ஏறியதே கிடையாது. புருஷன் ஹோசியாவுக்கு நாக்கு ஊறினால் தன் அக்கா வீட்டுக்குப் போய்த் தின்றுவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டுதான் படியேற வேண்டும். ஆலையிலிருந்து அவளை வெளியே அனுப்பிப் பதினாறு மாதம் ஆகிவிட்டது. நெடுஞ்சாலை விடுதியில் அறை பெருக்கிப் படுக்கை விரிக்கிறாள். அப்படியும் அந்தச் சட்டத்தை அவள் தளர்த்தவில்லை.

ஆலை மேல் அவள் போட்ட வழக்கின் விசாரணைக்கு முந்தின சாயங்காலம் அவளுடைய வக்கீல் ரென்ஃப்ரோ வந்தபோது, அடுப்பில் வெள்ளை அவரை புகையிட்ட பன்றித் துண்டோடு வெந்துகொண்டிருந்தது. அக்டோபர் மாதம். பருத்திச் செடிக்கு இலை உதிர்க்கும் மருந்து அடித்திருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் நாற்றம், மூடினால் புழுக்கம். வெர்லீன் பாதி திறந்து வைத்திருந்தாள். ஹோசியா பருத்தி அரைவை மில்லிலிருந்து வந்து, புருவமெல்லாம் பஞ்சோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தான்.

“மிஸ் வெர்லீன், திரும்பத் திரும்பக் கேக்குறேன்னு கோவிச்சுக்காதீங்க. அந்த ஆறு வாரம்.”

“மொதல்ல சாப்பிடுங்க வக்கீலம்மா. ஜாக்ஸன்ல உங்களுக்குச் சோறு போட ஆளே இல்லையா, இப்படி மெலிஞ்சு கெடக்கீங்க?”

“நாளைக்கு அவங்க வக்கீலும் இதையேதான் கேப்பாரு. இவ்வளவு மரியாதையா கேக்க மாட்டாரு.”

“கை அசந்துபோச்சுன்னுதான் சொல்லிட்டேனே.”

“பதினேழு வருஷம் அசராத கை பிப்ரவரில அசந்து, மார்ச் கடைசில தானா சரியாப் போச்சாக்கும்?”

“அது குளிர்காலம்.”

“ஆலைக்குள்ள பன்னெண்டு மாசமும் குளிர்காலம்தானே, மிஸ் வெர்லீன்.”

ஹோசியா சிரித்துவிட்டான். வெர்லீன் கரண்டியோடு திரும்பிப் பார்த்ததும் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டான்.

வழக்கு இதுதான். துண்டு போடும் மேசைக்கு மேற்பார்வையாள் வேண்டும் என்று ஆலையில் அறிவிப்பு ஒட்டினார்கள். வெர்லீன் மனுப் போட்டாள். வேலை ஒரு வெள்ளைக்காரப் பையனுக்குப் போயிற்று. வந்து ஒன்பது மாதமே ஆன பையன். எந்தப் பக்கம் கத்தியை இறக்க வேண்டும் என்று அவனுக்குக் காட்டிக் கொடுத்தவளே வெர்லீன்தான். கத்தி பிடிக்கிற அத்தனை பேரும் கறுப்புப் பெண்கள், ஆலை திறந்த நாளிலிருந்து மேற்பார்வைக்கு வந்த அத்தனை பேரும் வெள்ளையர்கள் என்று அவள் வேலையில் பாகுபாட்டை விசாரிக்கும் அரசாங்கக் கமிஷனுக்கு எழுதினாள். கமிஷன் கடிதம் போன வருஷம் ஜூன் மூன்றாம் தேதி ஆலைக்கு வந்தது. பதினான்காம் தேதி அவள் வேலை போயிற்று. நிறத்தைப் பார்த்து ஒதுக்கினார்கள் என்பது ஒரு குற்றச்சாட்டு. புகார் எழுதியதற்குப் பழிவாங்கினார்கள் என்பது இன்னொன்று.

ஆலைக்காரர்கள் காட்டிய காரணம் ஒன்றே ஒன்று. பிப்ரவரி, மார்ச்சில் ஆறு வாரம் அவள் போட்ட எடை குறைந்தபட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. சீட்டு இருக்கிறது, பாருங்கள் என்றார்கள். சீட்டு இருக்கத்தான் செய்தது.

“அந்தக் காரணம் பொய்னு நான் காட்டணும். அவ்வளவுதான் மொத்த வழக்கும்” என்றாள் ரென்ஃப்ரோ. “ஆனா எடை குறைஞ்சது நிஜம். அதுக்கு நீங்க சொல்ற பதில்தான் எனக்கே நம்பும்படியா இல்ல.”

“நம்பாட்டிப் போங்க. இன்னும் கொஞ்சம் அவரை வைக்கவா?”

அவள் சொல்லாத விஷயம் அந்த மேசையில் நின்ற அத்தனை பெண்களுக்கும் தெரியும். மேசைக்குப் பன்னிரண்டு பேர். ஒவ்வொருத்தி முன்னாலும் ஒரு தட்டு, தட்டில் அவளுடைய எண் குத்திய பித்தளை வில்லை. தட்டு நிறைந்ததும் தராசுக்குப் போகும், எண்ணுக்கு நேரே எடை விழும். மேசையில் ஒருத்திக்கு முடியாமல் போனால் பக்கத்தில் நிற்பவள் தன் துண்டுகளைச் சத்தமில்லாமல் அவள் தட்டில் தள்ளிவிடுவாள். இதற்குச் சுமப்பது என்று பேர். சுமப்பவள் வாய் திறக்கக் கூடாது. புருஷனிடம்கூடச் சொல்லக் கூடாது. சுமக்கப்பட்டவள் நன்றி சொல்லக் கூடாது, ஏனென்றால் சொன்னால் நாலு காது கேட்கும். எடையில் பொய் காட்டினால் அன்றைக்கே வேலை போகும் என்று கழுவுமிடத்துச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

அந்த ஆறு வாரமும் வெர்லீன் ஒசெல்லாவைச் சுமந்தாள். ஒசெல்லா பேட்ஸ் அவளுக்கு எட்டு வயது இளையவள். மணிக்கட்டு நரம்பு செத்துப்போய் அறுவை செய்து, கட்டுப் பிரித்த மறுநாளே வந்து மேசையில் நின்றாள். செத்துப்போன தங்கையின் மூன்று பிள்ளைகளும் அவள் வீட்டில்தான். தட்டு நிறையாவிட்டால் அந்த மூன்று வயிறும் நிறையாது. இதை வெர்லீன் யோசித்தெல்லாம் செய்யவில்லை. கை தானாக அந்தப் பக்கம் போயிற்று.

போன குளிர்காலத்தில், விசாரணைக்கு முன்னாலேயே வாக்குமூலம் எடுத்த ஆலை வக்கீல் சத்தியம் வாங்கிக்கொண்டு, ஏன் எடை குறைந்தது என்று கேட்டபோது, கை அசந்துபோச்சு என்றாள். சத்தியத்தின் மேல் சொன்ன பொய். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அது அவளை உறுத்தியது. ஆனாலும் ஒசெல்லாவின் பேரைச் சொல்ல வாய் வரவில்லை.

கிரீன்வில் நீதிமன்றத்தில் குளிர்சாதனம் ஆலையைப் போலவே நடுக்கியது. வெர்லீன் தேவாலயத்துக்கு உடுத்தும் நீல உடுப்பில் வந்திருந்தாள். ஜூரியில் எட்டுப் பேர், ஐந்து வெள்ளையர், மூன்று கறுப்பர். ஹோசியா பின்வரிசையில் பருத்திச் சீசனில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். முன்பின் கழுத்துப்பட்டை கட்டிப் பழக்கமில்லாத ஆள். அது அவனைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது.

ஆலைத் தரப்பில் முதலில் வந்தவள் பெர்னெல் கூலி. தராசில் எடை எழுதுகிறவள். அவளும் கறுப்புப் பெண்தான். வெர்லீன் வீட்டிலிருந்து நாலாவது வீடு. ஒரு காலத்தில் இதே மேசையில் கத்தி பிடித்தவள், பிறகு தராசுக்குப் போனாள். அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், கண்ணாடியை மூக்கில் ஏற்றி, ஆறு வாரத்து எடையையும் நாள் நாளாகப் படித்தாள். படித்து முடித்ததும் வெர்லீனுக்கே தான் ஒரு சோம்பேறியோ என்று தோன்றியது.

அடுத்து பெரிய மேற்பார்வையாளர் ஸ்ட்ரிப்ளிங். “வெர்லீன் நல்ல பொம்பளைதான். ஆனா எடை எடைதான். கடுதாசி வந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல” என்றார்.

“எடை மார்ச்சில குறைஞ்சது. நீங்க ஜூன்ல அனுப்புறீங்க. இடையில ரெண்டரை மாசம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?” என்று ரென்ஃப்ரோ கேட்டாள்.

“எங்களுக்கு நூறு வேலை இருக்கும்மா.”

“மார்ச் கடைசிக்கப்புறம் அவங்க எடைதான் மேசையிலேயே அதிகம், இல்லையா?”

“இருக்கலாம்.”

ஜூரியில் ஒரு கிழவர் நாடியைச் சொறிந்தார். அவ்வளவுதான். அந்த ஆறு வாரம் இன்னும் கல்லுப்போல அங்கேயே கிடந்தது.

ரென்ஃப்ரோ ஒசெல்லாவைக் கூப்பிட்டது, வெள்ளைக்காரப் பையனுக்கு வேலை கற்றுக்கொடுத்தது யார் என்று சொல்வதற்காக மட்டும்தான். அவள் கூண்டில் ஏறி, அறுவைத் தழும்பு தெரியும் கையை பைபிள் மேல் வைத்து, சத்தியம் செய்து, கேட்டதற்குச் சொன்னாள். ரென்ஃப்ரோ கடைசியாக ஒன்று கேட்டாள். ஒரு பலனும் எதிர்பாராமல் கேட்ட கேள்வி என்று பிற்பாடு அவளே ஒப்புக்கொண்டாள்.

“பிப்ரவரி, மார்ச்சில மிஸ் வெர்லீன் பக்கத்துல நின்னது நீங்கதானே? அவங்க கை அசந்திருந்துச்சா?”

ஒசெல்லா வெர்லீனைப் பார்த்தாள். வெர்லீன் லேசாகத் தலையாட்டினாள், வேண்டாம் என்று. ஒசெல்லா பார்வையைத் திருப்பி ஜூரிக்காரர்களைப் பார்த்தாள்.

“அசந்தது என் கைம்மா. அவங்க கை இல்ல. அந்த ஆறு வாரமும் என் தட்டுல இருந்த மீன்ல பாதி அவங்க போட்டது. என் எண்ணுல விழுந்தது அவங்க எடை.”

ஆலை வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். நீதிபதி அவரை உட்காரச் சொன்னார். தன் முறை வந்ததும் அவர் மெதுவாக, பல்லில் சிக்கியதை நாக்கால் நெம்புகிறவர் மாதிரி ஆரம்பித்தார்.

“அப்படின்னா ஆறு வாரம் கம்பெனியை ஏமாத்தியிருக்கீங்க.”

“ஆமா சார்.”

“அது வேலை போற குத்தம்னு தெரியும்.”

“தெரியும் சார். சுவத்துல ஒட்டியிருக்கு.”

“கம்பெனிக்கு இது தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்ல.”

கேள்வியாகக் கேட்காமல் முடிவாகச் சொன்னது அவருடைய தப்பு. ஒசெல்லா அதையும் கேள்வியாகவே எடுத்துக்கொண்டாள்.

“ஸ்ட்ரிப்ளிங் சாருக்குத் தெரியும் சார். ரெண்டாவது வாரமே பின்னாடி வந்து நின்னு பாத்தாரு. நான் பயந்துபோய்க் கத்தியைக் கீழ போட்டுட்டேன். அவரு சிரிச்சாரு. ‘எவ தட்டுல கெடந்தா எனக்கென்ன, லாரியில ஏறுனா சரி’ன்னாரு. மிஸ் வெர்லீனைப் பாத்து, ‘இவளைச் சுமந்து தொலை, மேசைக் கணக்குக் கொறையாம பாத்துக்கோ’ன்னாரு. போறப்ப என் கத்தியை எடுத்துக் குடுத்துட்டுத்தான் போனாரு.”

ஸ்ட்ரிப்ளிங்கின் கழுத்து சிவந்தது. பின்வரிசையில் ஹோசியா கழுத்துப்பட்டையை அவிழ்த்தே விட்டான்.

இடைவேளையில் நடைக்கூடத்தில் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் வெர்லீன் ஒசெல்லாவைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏண்டி சொன்ன? உன்னை யார் கேட்டா?”

“வக்கீலம்மா கேட்டாங்க. நீங்களும்தானே உக்காந்து கேட்டுட்டிருந்தீங்க.”

“வாயை மூடிட்டு இறங்கத் தெரியாதா? அந்த மூணு புள்ளைகளையும் எங்க கொண்டு வைப்ப?”

“நீங்க சத்தியத்து மேல கை அசந்துபோச்சுன்னீங்களாமே. எனக்காகப் பொய் சொல்லி நரகத்துக்குப் போகப் பாக்குறீங்க. அங்க வந்தும் உங்க முகத்தையே நான் பாத்துட்டிருக்கணுமா?”

வெர்லீன் கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, தன் கண்ணைத் துடைக்காமல் ஒசெல்லாவின் கண்ணைத் துடைத்தாள். இருவரும் தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போனார்கள்.

ஆலை வக்கீல் வெர்லீனைக் கூண்டில் ஏற்றினார்.

“கை அசந்துபோச்சுன்னு சத்தியம் பண்ணிச் சொன்னீங்க. அது உண்மையா?”

“இல்ல சார்.”

“அப்ப பொய் சொன்னீங்க.”

“சொன்னேன் சார்.”

அவர் திருப்தியோடு உட்கார்ந்தார். ரென்ஃப்ரோ எழுந்து ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். “ஏன்?”

“என் வேலை போனது போனதுதான். அவ வேலையும் போக வேண்டாம்னு பாத்தேன். தப்புதான். ஆனா அவ பேரைச் சொல்றதுக்கு என் நாக்கு எழும்பல.”

இத்தனைக்கும் இந்த வழக்கில் தன் தரப்பைத் தானே கெடுத்துக்கொண்டவள் அவள். மீன் வெட்டுகிற பெண்களைத் தவிர வேறு யாருக்கும் அந்தத் தப்பைச் செய்யத் தோன்றியிருக்காது.

ஜூரி மறுநாள் மத்தியானம் திரும்பி வந்தது. முதல் கேள்வி, மேற்பார்வை வேலையை நிறத்தைப் பார்த்து மறுத்தார்களா என்பது. நிரூபிக்கப்படவில்லை என்று வாசித்தார்கள். வெர்லீனுக்கு மார்பில் யாரோ கை வைத்துத் தள்ளியது போல இருந்தது. பதினேழு வருஷமாகக் கண்ணால் கண்டது எட்டுப் பேருக்குக் கண்ணில் படவில்லை. இரண்டாவது கேள்வி, புகார் எழுதியதற்காக வேலையிலிருந்து அனுப்பினார்களா என்பது. ஆம், நிரூபிக்கப்பட்டது. அடுத்த வாரம் நீதிபதி உத்தரவு போட்டார். அவளை அதே மேசையில் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும், சாட்சி சொன்ன எவர் மேலும் கை வைக்கக் கூடாது.

“பாதிதான் ஜெயிச்சோம். மன்னிச்சிடுங்க, மிஸ் வெர்லீன்” என்றாள் ரென்ஃப்ரோ.

“என்ன பாதி? நான் சோம்பேறி இல்லன்னு சர்க்கார் எழுதிக் குடுத்திருக்கு. இன்னொரு பாதியை வேற ஒருத்தி வந்து வாங்கட்டும். நீங்களும் அப்ப இன்னும் கொஞ்சம் சதை போட்டிருப்பீங்க.”

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மேசைப் பெண்களெல்லாம் வெர்லீன் வீட்டு முற்றத்துக்கு வந்தார்கள். ஆளுக்கொரு பாத்திரம். டர்னிப் கீரை, சோளரொட்டி, கழுத்தெலும்புக் குழம்பு, சர்க்கரைவள்ளிப் பணியாரம். ஹோசியா எண்ணெயைக் காயவைத்துக் கோழி பொரித்தான். கெளுத்தி வாங்கி வரட்டுமா என்று ஒரு முறை கேட்டுப் பார்த்தான். பன்னிரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜெபம் சொல்ல ஹோசியா தொப்பியைக் கழற்றியபோது வெர்லீன் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

“இருங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு. ஒசெல்லா, நன்றிடி.”

அந்த மேசையில் அந்த வார்த்தை விழுந்ததே இல்லை. ஒசெல்லா கையிலிருந்த தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

“நீங்க ஆரம்பிச்சுட்டீங்கன்னா நானும் சொல்லணும்ல” என்றாள் கடைசியில். “அந்த ஆறு வாரத்துக்கு நன்றி, மிஸ் வெர்லீன். தினமும் வீட்டுக்குப் போய்ப் புள்ளைங்க சாப்பிடுறதைப் பாத்து, மனசுக்குள்ளயே சொல்லிக்கிட்டிருந்தேன். இப்ப வாயால சொல்லியாச்சு.”

அதோடு அடைப்பு உடைந்துவிட்டது. கோர்ட்டில் ஏறி ஊருக்கே தெரிந்தபின் இனி மூடி வைக்க என்ன இருக்கிறது. ஒருத்தி, கர்ப்பம் கலைந்த வாரத்தில் தன்னைச் சுமந்தவளைக் கை காட்டினாள். இன்னொருத்தி, புருஷன் அடித்து விரல் வீங்கி வந்த நாட்களைச் சொன்னாள். சிரித்தார்கள், மூக்கைச் சிந்தினார்கள். ஹோசியா தொப்பியைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தான். இத்தனையும் இவ்வளவு காலமாகத் தன் பக்கத்துத் தலையணையில் படுத்திருந்த பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது என்பதை அவனால் நம்ப முடியவில்லை.

எர்லின் மட்டும் பேசாமல் இருந்தாள். மேசையிலேயே மூத்தவள், ஐம்பத்தாறு வயது.

“எனக்கு யாருன்னே தெரியாது” என்றாள். “என் மகனைப் புதைச்ச மறுநாள் வேலைக்கு வந்தேன். நாலு நாள் நின்னேன். கத்தி கையில இருந்துச்சு, ஒரு மீனை வெட்டுன நெனப்பு எனக்கு இல்ல. ஆனா தட்டு நெறஞ்சுக்கிட்டே இருந்துச்சு. ஒம்போது வருஷமாச்சு. யாருடி அது? சொல்லுங்கடி, நான் செத்துப்போறதுக்குள்ள.”

வெர்லீன் தலையை ஆட்டினாள். அவள் இல்லை. அப்போது அவள் மேசையின் மறுகோடியில் நின்றாள். ஒசெல்லா அப்போது வேலைக்கே வரவில்லை. மற்றவர்களும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்தினார்கள்.

“உன் இடப்பக்கம் யாரு நின்னா?” என்று வெர்லீன் கேட்டாள்.

எர்லினுக்குப் பதில் தெரியும். எல்லோருக்கும் தெரியும். அந்தப் பேரை அன்றைக்கு அந்த முற்றத்தில் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. நாலு வீடு தள்ளி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கூப்பிடாத ஒரே வீடு அதுதான்.

வெர்லீன் ஒரு தட்டை எடுத்தாள். கீரை வைத்தாள், ரொட்டி வைத்தாள், கோழியில் நல்ல துண்டாகப் பார்த்து இரண்டு வைத்தாள். வெள்ளித்தாளால் மூடினாள். எர்லின் எழுந்து பணியாரம் ஒன்றை உள்ளே திணித்து, அவள் கூடவே நடந்தாள். “போயிட்டு வாங்க, நாங்க காத்திருக்கோம்” என்றான் ஹோசியா.

பெர்னெல் வலைக்கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள். திறக்கவில்லை.

“என்னைக் கூப்பிட்டாங்க, வெர்லீன். புத்தகத்துல இருந்ததைப் படிச்சேன். ஒரு எண்ணைக்கூட மாத்திப் படிக்கல.”

“தெரியும். அதைப் பேச நான் வரல.”

“பின்ன எதுக்கு?”

வெர்லீன் ஒதுங்கி, எர்லினை முன்னால் விட்டாள். எர்லின் வலையில் கையை வைத்தாள். மகனின் பேரை மட்டும் சொன்னாள்.

“வில்லீ.”

பெர்னெல் கண்ணாடியைக் கழற்றினாள். வெகுநேரம் அதைப் பாவாடையில் துடைத்தாள்.

“அந்த நாலு நாளும் உன் கத்தி ஒரே எடத்துல தண்ணியைத்தான் வெட்டிட்டிருந்துச்சு, எர்லின்” என்றாள். “எனக்குப் பாக்கச் சகிக்கல.”

அவள் கொக்கியை நீக்கினாள். எர்லின் உள்ளே போனாள். வெர்லீன் தட்டை நீட்டியபோது பெர்னெல் வாங்கத் தயங்கினாள்.

“நான் கோர்ட்டுல உனக்கு எதிரா நின்னவ.”

“நின்னதானே. நிக்கிறவளுக்குப் பசிக்காதா?” என்றாள் வெர்லீன். “மேல ஒரு சட்டை போட்டுக்கிட்டு வா. நமக்காக அங்க பத்துப் பொம்பளைங்களும் என் புருஷனும் ஜெபம் சொல்லாம காத்துக்கிட்டு நிக்கிறாங்க.”